ஆய்ந்த கீரை

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்ட நோட்டுப் புத்தகங்கள் கிடைத்துவிட்டன. மூன்றும் இருக்கின்றன. நாளைக்குக் கூரியரில் போட்டால் இரண்டே நாளில் கோயம்புத்தூரில் உன் கையில் இருக்கும். ஆனால் அவற்றைத் திறப்பதற்கு முன்னால் நீ இதைப் படித்தாக வேண்டும். உனக்கு மட்டும் தனியாக எழுதி ஒட்டி அனுப்பியிருக்கலாம். அப்படிச் செய்தால் நீ என்னைக் காப்பாற்றப் பார்ப்பாய். "விடும்மா, பழைய கதை" என்பாய். அம்மா பக்கம் நின்று நியாயம் பேசுவதில் உன்னை மிஞ்ச ஆள் கிடையாது. அதனால்தான் நாலு பேர் படிக்கும்படியாக எழுதுகிறேன். ஊருக்குத் தெரிந்துவிட்டால் பிறகு நீயும் நானும் சேர்ந்து பூசி மெழுக முடியாது.

"உன் பேப்பர்லேர்ந்துதாம்மா ஆரம்பிக்கிறேன்" என்று சொன்னாய். எவ்வளவு சந்தோஷம் உன் குரலில். இன்னும் இருபது நாளில் விமானம் ஏறி, எங்கேயோ பனி பெய்யும் ஊரில் உட்கார்ந்து, நீ ஐந்து வருடம் செய்யப் போகிற ஆராய்ச்சிக்கு, நீ பிறந்த வருடம் நான் எழுதிய கட்டுரைதான் அஸ்திவாரம். ஏரிக்கரையில் தானாக முளைக்கும் பொன்னாங்கண்ணி மண்ணிலிருந்து இரும்பை எப்படி எடுத்துக்கொள்கிறது, அதைத் தினம் ஒரு கைப்பிடி சாப்பிட்டால் கர்ப்பிணிகளின் ரத்தசோகை எப்படிக் குறைகிறது என்பது அந்தக் கட்டுரை. செடியின் உடம்பையும் மனுஷியின் உடம்பையும் ஒன்றாக வைத்துப் பார்க்கிற படிப்பு அப்போது இங்கே அபூர்வம். என் பதவி உயர்வுகள், என்னிடம் ஆராய்ச்சி செய்ய வந்த பிள்ளைகள், மேடைகள், சால்வைகள் எல்லாமே அதிலிருந்து வந்தவை. அடுத்த மாதம் நான் ஓய்வு பெறும்போது வாசிக்கப்போகும் வாழ்த்து மடலிலும் அதுதான் முதல் வரி. அந்தக் கட்டுரை தவறு, கண்ணா. தவறு என்று தெரிந்தும் இருபத்திரண்டு வருடம் அதை அப்படியே நிற்க விட்டவள் நான். என் கையெழுத்து இருக்கிறது என்பதற்காக அதை நம்பி ஒரு செங்கல்கூட வைக்காதே.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். பெருங்களத்தூர்ப் பக்கம் ஒரு ஏரி. அதன் பெயரை அதிகாரிகளுக்கு எழுதியதில் சொல்லியிருக்கிறேன், இங்கே வேண்டாம். அதன் கரையில் குடியிருந்த பெண்களைத்தான் நான் என் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டேன். எல்லோரும் மாசமாக இருந்தவர்கள், எல்லோருக்கும் ரத்தம் குறைவு. அரசாங்க மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை, அதோடு கரையில் முளைக்கும் பொன்னாங்கண்ணியையும் தினம் சமைத்துச் சாப்பிடச் சொன்னேன். அவர்களில் ஒருத்தி எஸ்தர். அது அவளுடைய நிஜப் பெயர் இல்லை. இருபத்தைந்து வயது, முதல் பிரசவம், வாய் ஓயாமல் பேசுவாள், சிரித்தால் தெருமுனை வரைக்கும் கேட்கும். வாரம் இரண்டு முறை கீரை பறித்துத் தாம்பரத்தில் இருந்த எங்கள் லேபுக்குக் கொண்டு வந்து கொடுக்கும் வேலையையும் அவளிடமே கொடுத்தேன். முதல் நாள் நான் அவளிடம் சொன்ன வார்த்தை இன்னும் காதிலேயே இருக்கிறது. "ஆய்வுக்குக் கீரை வேணும் எஸ்தர், நீதான் கொண்டு வரணும்" என்றேன். "ஆய்ஞ்சே எட்டாறேம்மா" என்றாள். நானும் தலையை ஆட்டிவிட்டேன். அவள் என்ன புரிந்துகொண்டாள் என்று ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

அவள் கொண்டு வந்த கீரையை நீ பார்த்திருக்க வேண்டும். வாழை இலையில் சுற்றி, கொழுந்தும் இளம் இலையுமாக, ஒரு தண்டு இல்லாமல், ஒரு பழுப்பு இல்லாமல், மூன்று தண்ணீரில் அலசி. கல்யாண வீட்டுக்கு ஆய்ந்து வைத்தது மாதிரி இருக்கும். லேபில் எல்லோரும் மெச்சினோம். எங்களுக்கு அரைமணி நேர வேலை மிச்சம். செடியின் எந்தப் பாகத்தில் எது தங்கும் என்று கரும்பலகையில் படம் போட்டுப் பாடம் நடத்துகிற எனக்கு, வேரும் தண்டும் முற்றிய இலையும் எங்கே போயின என்று கேட்கத் தோன்றவில்லை. நானும் அப்போது உன்னைச் சுமந்துகொண்டிருந்தேன். எஸ்தருக்கு அது தெரியும். அதனால் எப்போதும் கேட்டதைவிடக் கூடுதலாகவே கொண்டு வருவாள்.

ஆறு மாதம் முடிந்து ரத்தம் எடுத்துப் பார்த்தபோது பெரும்பாலானவர்களுக்கு ஏறியிருந்தது. ஏழெட்டுப் பேருக்கு மட்டும் ஏறவில்லை, இரண்டு பேருக்கு இறங்கியே இருந்தது. எஸ்தர் அதில் ஒருத்தி. இங்கேதான் நீ கவனமாகப் படிக்க வேண்டும். எண்கள் நாம் நினைத்தபடி வராதபோது, ஆராய்ச்சிக்காரனுக்கு ஒரு சௌகரியமான வாசல் உண்டு. மனிதர்கள் மேல் பழி போடுவதுதான் அது. கொடுத்ததை ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்று ஒரு வரி எழுதிவிட்டால் அந்த ஆட்களை அட்டவணையிலிருந்து எடுத்துவிடலாம். அதுவும் விதிமுறைக்கு உட்பட்டதுதான், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். நான் எஸ்தரைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். எட்டாம் மாசம் அவளுக்கு, கால் இரண்டும் வீங்கியிருந்தது.

"உண்மையைச் சொல்லு எஸ்தர். தினம் கீரை சாப்பிடுறியா, இல்ல நான் கேக்கறேன்னு சொல்றியா?"

"சத்தியமா தெனம் துன்னுகினுதாம்மா கீறேன். புடிக்காமயே துன்றேன்."

"சாப்பிட்டா ஏறணுமே. ஏறலையே."

"ஏறலன்னா நான் இன்னாம்மா பண்றது? உள்ள போனது போனதுதானே."

"பொய் சொன்னா எனக்குப் பிடிக்காது" என்று சொன்னேன். அவள் மேசையைப் பிடித்து எழுந்து போனாள். அன்று சாயங்காலமே பென்சிலால் அவள் வரிசையை அடித்தேன். அந்தப் பென்சில் கோட்டை நோட்டில் நீ பார்ப்பாய். இன்னொன்றையும் பார். அடிக்கப்பட்ட வரிசைகளில் வீட்டு எண்கள் இருக்கின்றன. எல்லாம் ஒரே சந்தில் அடுத்தடுத்த வீடுகள். அந்தச் சந்துக்குப் பின்னால் பழைய வண்டி பேட்டரிகளை உடைத்து உருக்கும் தகரக் கொட்டகை ஒன்று இருந்தது. அதன் சாக்கடை நேராக ஏரிக்குள் இறங்கியது. வாரம் இரண்டு முறை அந்தக் கொட்டகையைத் தாண்டித்தான் நான் போவேன். மூக்கில் துப்பட்டாவை வைத்துக்கொண்டு வேகமாக நடப்பேன்.

கட்டுரை வெளியானது. நீ பிறந்தாய், எஸ்தருக்கும் பெண் குழந்தை பிறந்தது. எனக்குக் குற்ற உணர்ச்சி என்று சொல்ல மாட்டேன், ஒரு உறுத்தல் இருந்தது. உன்னுடைய சின்னதாகிப்போன சட்டைகளை எடுத்துக்கொண்டு ஒரு நாள் காலையில் அவள் வீட்டுக்குப் போனேன். ஆராய்ச்சியின் இரண்டாம் கட்டம் தொடங்கியிருந்ததால் அவள் அப்போதும் எங்களுக்குக் கீரை கொடுத்துக்கொண்டுதான் இருந்தாள். கோபத்தை மறந்துவிட்டவள் போலத்தான் "வாங்கம்மா, குந்துங்க" என்றாள். அடுப்பில் சட்டி. அருகில் முறத்தில் நறுக்கிப் போட்டிருந்தது வெறும் தண்டு, அடித்தண்டு, கொஞ்சம் முற்றிப்போன அழுக்கு இலை. கொழுந்து ஒன்றுகூட இல்லை. கொழுந்து முழுவதும் பக்கத்தில் வாழை இலையில் எனக்காகச் சுற்றி வைத்திருந்தது.

"இலையெல்லாம் எங்கே எஸ்தர்?"

"இலைதான் உங்களுக்குக் குடுத்துர்றேனேம்மா. நீங்க ஆய்ஞ்ச கீரைதானே கேட்டீங்கோ? மிச்சத்த தூக்கியா போடுறது, நாங்க ஆக்கிக்குவோம்."

இது ஒரு வார்த்தையால் வந்த வினை என்று சொன்னால் நீ நம்புவாயா? ஆய்வு என்றேன், அவள் ஆய்வது என்று எடுத்துக்கொண்டாள். அதில் அவள் தவறு ஒன்றும் இல்லை. நம் மொழியில் அதுதான் மூத்த அர்த்தம், நாங்கள்தான் பிறகு வந்து அதற்குக் கோட்டு மாட்டிவிட்டோம். பெரிய படிப்புப் படித்த ஒரு அம்மா கீரை கேட்டால் நல்லதாகப் பொறுக்கிக் கொடுத்துவிட்டு, மிச்சத்தைத் தான் வைத்துக்கொள்வதுதான் அவளுக்குத் தெரிந்த மரியாதை. நான் என் சோதனைக் குழாயில் அளந்தது ஒரு கீரை. அவள் தன் வயிற்றுக்குள் போட்டுக்கொண்டது இன்னொரு கீரை. அந்தத் தெருவில் மற்றவர்களும் அப்படித்தான், தண்டோடும் முற்றிய இலையோடும்தான் ஆக்கினார்கள். விலைக்கு வாங்காத கீரையை யார் உட்கார்ந்து ஆய்வார்கள்?

அந்த முறத்திலிருந்து ஒரு பிடி தண்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். சாம்பலாக்கி, அமிலத்தில் கரைத்து, மூன்று தடவை திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஈயம். கொழுந்தில் அது அநேகமாக இல்லை, தண்டிலும் வேரிலும் நிறைந்து கிடந்தது, முற்றிய இலைகளின் மேல் தூசியாகப் படிந்திருந்தது. இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. வேண்டாத உலோகத்தை வேரிலேயே, மிஞ்சினால் அடித்தண்டிலேயே நிறுத்திவைத்துக்கொண்டு கொழுந்துக்கு அதிகம் போகவிடாமல் பார்த்துக்கொள்வது பல செடிகளின் குணம். இரண்டாம் வருட மாணவர்களுக்கு நானே நடத்தும் பாடம். ஈயம் உடம்பில் போனால் ரத்தம் ஊறாது, எவ்வளவு இரும்பைக் கொடுத்தாலும் ஏறாது. வயிற்றில் இருக்கும் குழந்தையின் மூளைக்கும் அது போகும். எஸ்தர் பொய் சொல்லவில்லை. நான் சொன்னபடி, ஒரு நாள் தவறாமல், பிடிக்காமலேயே சாப்பிட்டிருக்கிறாள்.

எங்கள் துறைத் தலைவரிடம் போனேன். அவர் நோட்டைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றினார். "ஒரு பிடி தண்டை வெச்சுக்கிட்டு பேப்பரை வாபஸ் வாங்கப் போறீங்களா மேடம்? சாம்பிள் கலெக்‌ஷனே தப்புன்னு எழுதுவீங்க. அது யார் தப்பு? உங்க தப்புதானே? ரெண்டாம் கட்டத்துக்குப் பணம் ஒதுக்கி ஆர்டர் வந்திருக்கு. யோசிச்சுக்கோங்க" என்றார். அவர் மிரட்டியதாக நினைக்காதே. என்னை மிரட்ட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. கதவைத் திறந்து வெளியே வருவதற்குள் நான் யோசித்து முடித்திருந்தேன். மறுநாள் போய் எஸ்தரிடம், "ஏரித் தண்ணி சரியில்ல, இனிமே யாரும் அங்க பறிக்காதீங்க" என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று சொல்லவில்லை. கொட்டகையைப் பற்றிப் பெயர் போடாமல் ஒரு புகார் எழுதினேன். சில மாதங்களில் அதைக் காலி செய்துகொண்டு படப்பைப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். அங்கே யார் வீட்டுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தது என்று நான் தேடவில்லை. அந்தக் குழந்தையின் ரத்தத்தை எடுத்துப் பார்த்திருக்கலாம். என்னிடம் கருவி இருந்தது, ஆள் இருந்தது, ஒரு நாள் வேலை. பார்த்தால் தெரிந்துவிடும் என்பதால்தான் பார்க்கவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்ததிலேயே கேவலமான காரியம் எது என்று கேட்டால், கட்டுரையைச் சொல்ல மாட்டேன், இதைத்தான் சொல்வேன்.

நீ சின்ன வயதில் சாப்பாட்டுத் தட்டில் கீரையிலிருந்து தண்டைப் பொறுக்கி ஓரமாக வரிசையாக வைப்பாய், ஞாபகம் இருக்கிறதா? மற்ற எதற்கெல்லாமோ உன்னைத் திட்டிய நான் இதற்கு ஒரு நாளும் வாயைத் திறந்ததில்லை. "ஒரு பருக்கை சிந்துனா அவனை அந்தப் பாடு படுத்துற, இதுக்கு மட்டும் ஏன்டி பேசாம இருக்க?" என்று அப்பா கேட்பார். நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன். நீ ஆறாம் வகுப்பில் முதலாவதாக வந்த அதே வாரம் தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலத்தில் எஸ்தரைப் பார்த்தேன். கையைப் பிடித்துக்கொண்டு அவள் மகள். எதையும் பார்க்காமல், பார்த்தாலும் ஒட்டாத கண். "ஸ்கூல்ல வோணான்ட்டாங்கம்மா. எழுத்து நிக்கல. ஒண்ணு சொன்னா ஒண்ணு மறந்துபூடுது" என்றாள் எஸ்தர். சிறப்புப் பள்ளி ஒன்றின் முகவரியை எழுதிக் கொடுத்துவிட்டு, வண்டி வந்துவிட்டது என்று சொல்லிப் படியிறங்கி ஓடினேன். வண்டி எதுவும் வரவில்லை. முடிச்சூர் ரோட்டு வீட்டில் வெள்ளம் புகுந்த வருடம் இந்த நோட்டுகளும் முழுகின. தொலைந்தது சனியன் என்று உள்ளுக்குள் நிம்மதிப்பட்டேன். ஒன்றும் தெரியாத உன் அப்பாதான், "உன் உயிராச்சே இது" என்று மொட்டை மாடியில் பக்கம் பக்கமாகப் பிரித்துக் காயவைத்துக் காப்பாற்றிக் கொடுத்தார்.

நீ போனில் பேசி முடித்த மறுநாள் கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக இதழுக்கு எழுதிவிட்டேன். பல்கலைக்கழகத்துக்கும் சுகாதார அதிகாரிகளுக்கும் எழுதியாயிற்று, ஓய்வு விழா வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன். என்ன நடவடிக்கை வந்தாலும் வரட்டும். உன் ஆசிரியரிடம் வேறு தலைப்பு கேள், வெட்கப்படாதே. எதை எடுத்துச் செய்தாலும் லேபில் ஆரம்பிக்காதே, அந்தச் சாப்பாட்டைச் சாப்பிடுகிறவர்களின் அடுப்பங்கரையில் போய் உட்கார்ந்து ஆரம்பி. நீ சொன்ன வார்த்தை அவர்கள் காதில் என்னவாக விழுந்தது என்று திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேள். உன் எண்ணோடு ஒரு மனுஷியின் பேச்சு ஒத்துப்போகவில்லை என்றால் முதலில் எண்ணைச் சந்தேகப்படு. இதைச் சொல்ல எனக்கு அருகதை இல்லை என்று தெரியும். ஆனாலும் உனக்குச் சொல்ல வேறு ஆள் இல்லை.

வியாழக்கிழமை எஸ்தர் வீட்டுக்குப் போனேன். இப்போது பீர்க்கன்கரணையில் வாடகைக்கு இருக்கிறாள். மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் வேலை, மதியம் மூன்றரைக்குக் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கினாள். தலை நரைத்துவிட்டது. மகள் வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் வைத்திருந்த துணியின் ஓரத்தை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள். உன் வயது. நான் எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஈயமா? பாத்திரத்துக்குப் பூசுவாங்களே, அதுவா?"

"அது வேற எஸ்தர். இது காரீயம். பேட்டரிக்குள்ள இருக்கும்."

"அதனாலதான் எம்பொண்ணு இப்டி கீதா?"

"தெரியல. அதனாலதான்னும் என்னால சொல்ல முடியாது, அதனால இல்லன்னும் சொல்ல முடியாது. அன்னிக்கே குழந்தை ரத்தத்தைப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும். நான் பார்க்கல."

அவள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். "எங்க மாமியா சாவுற வரிக்கும், மாசமா இருக்கசொல்ல நான் திருட்டுத்தனமா பப்பாளி துன்னேன்னு சொல்லிக்கினே இருந்துச்சு. இல்லன்னு சொல்லிச் சொல்லி, கடைசில நானே துன்னுட்டேனோன்னு நெனைக்க ஆரமிச்சிட்டேன்" என்றாள். நான் அழுதேன். அவள் அழவில்லை, என்னை அழாதே என்று சொல்லவும் இல்லை. உள்ளே போய்த் தண்ணீர் கொண்டு வந்து வைத்தாள். பிறகு நின்றபடியே கேட்டாள்.

"நீங்களும் அப்ப மாசமா இருந்தீங்க இல்ல? நீங்க எந்தக் கீரைம்மா துன்னீங்க?"

"நீ கொண்டு வந்ததைத்தான். லேபுக்கு எடுத்தது போக மிச்சத்தை வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடுவேன். தினம் சாப்பிட்டேன்."

"புள்ளை நல்லா கீறாரா?"

"நல்லா இருக்கான். மேல படிக்க வெளிநாடு போறான்."

எஸ்தர் வாசலைப் பார்த்தாள். மகள் துணியை மடித்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாதான் ஆய்ஞ்சு குடுத்துக்கீறேன்" என்றாள்.

இது தெரிந்துதான் நீ விமானம் ஏற வேண்டும்.

அம்மா